அசைந்தால்தான் வெளிச்சம்

மேலாளர் தன் மேசையில் இருந்த திரையை என் பக்கம் திருப்பினார். எங்கள் மாடியின் வரைபடம் அதில் தெரிந்தது. ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு சின்ன வட்டம். எல்லாம் பச்சைப் பசேலென்று இருக்க, நடு அறையில் ஒன்று மட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அதைப் பேனா முனையால் தொட்டுக் காட்டி, அதுதான் என் இருக்கை என்றார். இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து அதில் ஆள் நிலையாக உட்கார்ந்ததற்கான அடையாளமே இல்லையாம்.

"நான்தானே சார் உக்காந்திருக்கேன்?"

"நீங்க சொல்றீங்க மேடம். கட்டடம் அப்படிச் சொல்லலியே."

என் தலைமுடி நரைத்ததே இந்தக் கம்பெனி நாற்காலியில்தான். நேற்று முளைத்த சுவரும் கூரையும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன, இந்த மனிதரும் அதை நம்புகிறார். மேலாளர் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம். இவர் கையைப் பிசைந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். ஆளில்லாத இருக்கைகளை எடுத்துவிட்டு, அதற்குரியவர்களை வெளியூர்க் கிளைக்கு அனுப்பும்படி தலைமையகத்தில் சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் என் வட்டம் பச்சையானால் தானே பேசிப் பார்ப்பாராம். வெளியூர்க் கிளை என்றால் வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வரமுடியும். வீட்டில் கால் வீங்கிய மாமியார் இருக்கிறார், உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாத வீட்டுக்காரர் இருக்கிறார். வேலையை விட்டுத் தொலைக்கலாமென்றால், எனக்கு அந்த வேலை பிடிக்கும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இந்த உலகத்தில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

என் வேலை கேட்பது. எங்கள் கம்பெனி ஃபிரிஜ்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிறது. ஃபிரிஜ் குளிரவில்லை, மெஷின் அறையைச் சுற்றி நடந்து போகிறது என்று ஜனங்கள் போன் செய்து புலம்புவதெல்லாம் பதிவாகும். முன்னறையில் இருக்கும் பெண்கள் பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிடுவார்கள். தொல்லை, கிறுக்கு, பொய் என்று அவர்கள் ஒதுக்கித் தள்ளியவை என்னிடம் வரும். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கன்னத்தில் கைவைத்து, கண்ணை மூடிக் கேட்பேன். மெக்கானிக்கை அனுப்பலாமா, புது மெஷினே கொடுத்துவிடலாமா, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாமா என்பதெல்லாம் என் முடிவு. பேசுகிறவர் பேச்சை நிறுத்தும்போது பின்னால் என்ன கேட்கிறது என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. நாற்காலி கிறீச்சிட்டாலும் போச்சு, புடவை உரசினாலும் போச்சு. அதனால் அசைய மாட்டேன். பிடித்து வைத்த பிள்ளையார் என்பார்களே, அப்படி. ஆபீஸில் எனக்கு சிலையக்கா என்று பேர். பழைய கட்டடத்தில் அது பாராட்டாக இருந்தது.

புதுக் கட்டடத்தைக் கட்டியவள் வேறு யாருமில்லை, என் நாத்தனார். வீட்டுக்காரரின் ஒரே தங்கை. பெரிய படிப்பு. மண்ணுக்கும் காற்றுக்கும் கெடுதல் இல்லாமல் கட்டடம் கட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பத்திரிகையில் படத்தோடு வந்தது. அந்தப் பக்கத்தை மாமியார் தலையணைக்கடியில் வைத்திருக்கிறார். சுடாத மண்கல்லில் சுவர். வைக்கோலை அழுத்திச் செய்த பலகையில் தடுப்பு. மேசைகளெல்லாம் இடித்த வீடுகளின் கதவுகள். என் மேசையில் சாவித் துவாரம் அப்படியே இருக்கிறது, பேனாவைச் செருகி வைக்க வசதி. கழிப்பறையில் மழைநீர்தான், லேசாகத் தேநீர் நிறத்தில் வரும், அதற்கு மேலே 'இது அழுக்கல்ல, மழை' என்று ஒரு பலகை. குழாய் தானாக நின்றுவிடும், அதுவும் முகத்தில் சோப்பு இருக்கும்போது பார்த்து. லிஃப்ட் முதல் மாடியில் நிற்கவே நிற்காது, நடந்தால் உடம்புக்கு நல்லதாம். ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைக்கப் போனால் 'ஜன்னலைத் திறந்து பார்த்தீர்களா?' என்று எழுத்து ஓடும். என் அறையில் ஜன்னல் கிடையாது. இவ்வளவு குறை சொன்னாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே மரத்தடி போலக் குளுமையாக இருந்தது. மண்சுவர் தெருச் சத்தத்தை அப்படியே குடித்துவிட்டது. கேட்கிற வேலைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நாத்தனாரிடம் மட்டும் இதை நான் சொன்னதில்லை. ஏற்கெனவே அவளுக்குத் தலைக்கனம் அதிகம்.

வினையெல்லாம் விளக்கில்தான். ஒவ்வொரு மேசைக்கும் மேலே கூரையில் ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கிறது. கீழே ஆள் அசைந்தால் விளக்கை எரிய விடும், அசைவில்லாவிட்டால் ஆளில்லை என்று அணைத்துவிடும். அந்தக் கணக்குத்தான் பச்சை வட்டமாகவும் சாம்பல் வட்டமாகவும் மேலாளரின் திரைக்குப் போகிறது. நான் ஒரு போனைக் கேட்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் என் விளக்கு போய்விடும். கண்ணை மூடியிருக்கிற எனக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஒருநாள் துப்புரவு செய்யும் பெண் அறை காலியாக இருக்கிறதென்று நினைத்து உள்ளே வந்து, இருட்டில் வாளியைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டாள். இருவரும் போட்ட சத்தத்தில் எல்லாரும் எழுந்து ஓடிவர, மாடி முழுக்க விளக்கு எரிந்தது.

எனக்கு நேர்மாறு, பம்பரம் என்று எல்லாரும் கூப்பிடுகிறவன். உதிரிபாகப் பிரிவில் இருக்கிற பையன், பையன் என்றால் கல்யாணமாகிப் பெண் குழந்தையும் இருக்கிறது. அவன் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கிடையாது. ஒரு மேசையில் கேட்டதை இன்னொரு மேசையில் சொல்லி, அங்கே கேட்டதை இங்கே கொண்டுவந்து போட்டு, நாளெல்லாம் சுற்றிக்கொண்டிருப்பான். போகிற வழியெல்லாம் விளக்கு பளிச் பளிச்சென்று எரியும், மாப்பிள்ளை அழைப்பு மாதிரி. கட்டடத்தின் கணக்குப்படி எங்கள் மாடியிலேயே சுறுசுறுப்பானவன் அவன்தான். மேலாளர் எல்லார் முன்னாலும் கைகொடுத்தார். உதிரிபாகம் வரவில்லையே என்று அவனைக் காய்ச்சி எடுக்கிற போன்களையெல்லாம் கேட்கிறவள் நான். அவன் லட்சணம் என் காதுக்குத் தெரியும். ஆனாலும் அவன்மேல் எனக்குக் கோபம் வராது, வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த நாத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னேன். குமிழில் ஏதோ கோளாறு, வந்து பார் என்றேன். அவள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே, தன் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் குறை சொல்லிவிட்டாற்போல முகத்தை வைத்துக்கொண்டாள். "குமிழ் சரியாத்தான் வேலை செய்யுது அண்ணி. நீங்கதான் அசையறதில்ல" என்றாள். அப்புறம் மின்சாரம் எப்படி உற்பத்தியாகிறது, ஒரு விளக்கு வீணாக எரிந்தால் எங்கே எந்தக் காடு போகிறது என்று விளக்க ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. மாமியார் மட்டும், கொஞ்சம் அசைந்துவிட்டால்தான் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார். நான் வெளியூர் போனால் நீங்கள் மகள் வீட்டில்தான் இருக்க வேண்டியிருக்கும், அங்கே ஏசி கிடையாது, மின்விசிறிக்கும் நேரம் உண்டு என்றேன். மாமியார் மகளை ஒரு பார்வை பார்த்தார்.

அசைந்துதான் பார்த்தேன். கன்னத்தில் இருந்த கையை எடுத்துக் காற்றில் வீசுவேன், தலையை ஆட்டுவேன், நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றுவேன். தலைமையகத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்துவிட்டு, தனக்குத்தான் கையாட்டுகிறேன் என்று பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போனார். திரும்பி வரும்போதும் ஆட்டினார். அதுகூடப் பரவாயில்லை. வாஷிங் மெஷினுக்குள் பூனை போய் உட்கார்ந்துவிட்டது என்று ஒரு பெண் அழுத போனை, ஆடிக்கொண்டே கேட்டதில் பொய் என்று தள்ளிவிட்டேன். பூனை நிஜம். நல்லவேளை, அதுவாக வெளியே வந்துவிட்டது. அந்தப் பதிவை மறுபடி அசையாமல் கேட்டேன். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சுகிற இடைவெளியில் தகரத்தைப் பிறாண்டுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

அப்போதுதான் பம்பரம் ஆபத்பாந்தவனாக வந்து நின்றான். அவன் கையில் மகளின் விளையாட்டுச் சாமான் ஒன்று இருந்தது. சின்னத் தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் பூ, பூவுக்கு நடுவில் பல்லைக் காட்டுகிற முகம், இரண்டு பக்கமும் கை மாதிரி இலை. பேட்டரி கிடையாது. தொட்டியில் ஒரு கறுப்புத் தகடு இருக்கிறது, வெளிச்சம் பட்டால் போதும், பூ தலையாட்டும், இலை படபடவென்று அடிக்கும். அலமாரி உச்சியில், குமிழுக்கு மிக அருகில் அதை வைத்தான். விளக்கு எரிகிறதால் பூ ஆடும், பூ ஆடுகிறதால் விளக்கு எரியும். "சுற்றுச்சூழலுக்கும் நல்லது அக்கா" என்றான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த வாரம் முழுக்க நான் ராணி மாதிரி வேலை செய்தேன். தலைக்கு மேலே அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது, கீழே நான் பாட்டுக்கு அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். மேலாளர் ஒருமுறை எட்டிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பூவை நிறுத்த வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. விளக்கைத்தான் கட்டடமே அணைத்துவிடுமே என்று அவன் நினைத்தான், வீட்டுக்குக் கிளம்பினால் பூவும் தூங்கிவிடும் என்று நான் நினைத்தேன். யார் அணைப்பது? விளக்கு இருக்கிறவரை அது ஆடும், அது ஆடுகிறவரை விளக்கு இருக்கும். நான் இரவெல்லாம் ஆபீஸில் இருப்பதாகவும், விடிய விடிய வேலை செய்வதாகவும், ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டுக்குப் போகவில்லை என்றும் கட்டடம் எழுதிக்கொண்டே போயிருக்கிறது. திங்கட்கிழமை மேலாளர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். நான் ஒன்றும் இல்லை என்றேன். ஒன்றும் இல்லை என்று சொல்கிறவர்களுக்குத்தான் அதிகம் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, மறுநாள் விடியற்காலையில் தன் போனில் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு மனசு கேட்காமல் என் வீட்டுக்காரருக்கே போன் போட்டிருக்கிறார். தூக்கக் கலக்கத்தில் அவர் எடுத்தார்.

"என் பக்கத்துலதான் தூங்கறா சார்" என்றவர், மேலாளர் அந்தப் பக்கம் உறுதியாக ஏதோ சொன்னார் போலிருக்கிறது, "இருங்க, எதுக்கும் ஒருதடவ பாத்துட்டுச் சொல்றேன்" என்று எழுந்து விளக்கைப் போட்டார். இத்தனை வருடக் குடித்தனத்துக்கு இதுதான் மரியாதை.

அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். இரவெல்லாம் எரிந்த விளக்கு நாத்தனாருக்கும் தகவல் அனுப்பியிருந்தது. கட்டடம் வாக்குக் கொடுத்த அளவுக்குள் மின்சாரம் செலவழிக்கிறதா என்று முதல் வருடம் பார்த்துவிட்டுத்தான் அதற்குச் சான்றிதழ் தருவார்களாம். அந்த வருடம் முடிகிற தறுவாய். அவள் அரக்கப் பரக்க வந்து, மாடி மாடியாகத் தேடி, கடைசியில் என் அறையில் நாற்காலிமேல் ஏறி அலமாரியைப் பார்த்தாள். பூவும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது பல்லைக் காட்டித் தலையாட்டியது. அவள் அதைக் கீழே இறக்கித் துப்பட்டாவால் மூடினாள். பம்பரம் அதற்குள் வேறு மாடிக்குப் போய்விட்டான்.

மேலாளர் வந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. "உண்மையா சீட்ல இருக்கறவங்க எதுக்கு மேடம் பொம்மை வைக்கணும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் எப்படிச் சொன்னாலும் திருடன் சொல்கிற பதில் மாதிரியே இருக்கும். தலைமையகத்துக்குச் சாயங்காலம் பேச வேண்டும் என்றார். நாத்தனாரைப் பார்த்து, கட்டடம் கட்டினவர் நீங்கள், நீங்களே ஒன்று சொல்லிவிடுங்கள் என்றார். குமிழ் தவறாகச் சொல்கிறதா, இல்லை இருக்கையில் ஆளே இருப்பதில்லையா? குமிழ் தவறு என்றால் எல்லா மாடியிலும் மாற்ற வேண்டும், சான்றிதழ் தள்ளிப்போகும், பத்திரிகையில் படத்தோடு வந்த பேர் கெடும். ஆளில்லை என்றால் நான் மூட்டை கட்ட வேண்டும். அவர் போனதும் நாத்தனார் பயிற்சிக்கு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

அவள் சண்டைக்கு வருவாள் என்று நான் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பல நாள் சரியாகத் தூங்காத முகம். "நீங்க எப்படித்தான் உக்காருவீங்க அண்ணி? நான் ஒருதடவ பாக்கறேன்" என்றாள். என்னை நம்பவில்லை என்று தெரிந்தது. எனக்கும் பேசிப் பேசி அலுத்துவிட்டது. பயிற்சிக்கு வைத்திருக்கும் இன்னொரு ஹெட்போனை அவளிடம் கொடுத்து, பேசாமல் நீயும் கேள் என்றேன்.

அன்றைக்கு ஒதுக்கப்பட்டிருந்ததில் முதல் போன், முன்னறைப் பெண்கள் தொல்லை என்று குறித்திருந்த ஒரு பெரியவருடையது. திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறாராம். ஃபிரிஜ்ஜில் என்ன கோளாறு என்று பதிவில் முன்னறைப் பெண் ஒருத்தி கேட்டாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கோளாறு இல்லம்மா. கதவத் தெறந்தா உள்ள லைட்டு எரியுது. மூடினா அணையுதா இல்லையான்னு எப்படிப் பாக்கறது?"

அணைந்துவிடும் ஐயா என்றாள் அவள். நீ பார்த்திருக்கிறாயா என்று அவர் கேட்டார். நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்கும் முதல்முறை கேட்கிறபோது சிரிப்புத்தான் வரும், அப்புறம்தான் வேலையே ஆரம்பிக்கும். அந்தப் பெண் பதில் சொல்லத் தெரியாமல் நிறுத்தினாள். அவரும் பேசவில்லை. நான் கன்னத்தில் கைவைத்துக் கண்ணை மூடினேன். ஃபிரிஜ்ஜின் முனகல் கேட்டது. கதவு திறக்கும் சத்தம், மூடும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் திறந்து, மறுபடியும் மூடி. உள்ளே எதையும் எடுக்கவுமில்லை, வைக்கவுமில்லை, பாத்திரம் உரசினால் கேட்டிருக்கும். பாத்திரமே இல்லாத ஃபிரிஜ்ஜாக இருக்க வேண்டும். எங்கோ ஒரு குழாய் சொட்டியது. அந்த வீட்டில் வேறு மூச்சே இல்லை.

"ஐயா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. இருக்கேன்."

எதிரே ஒரு சத்தமும் இல்லை என்று எனக்கு உறைத்தபோது கண்ணைத் திறந்தேன். அறை இருட்டாக இருந்தது. கதவுக்கடியில் நடைபாதை வெளிச்சம் ஒரு கோடாக விழுந்திருந்தது, அதில் நாத்தனாரின் வடிவம் மங்கலாகத் தெரிந்தது. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, சற்றே முன்னால் குனிந்து, கல்லாகச் சமைந்திருந்தாள். விளக்கு எப்போது போனதென்று அவளுக்குத் தெரியாது. சாதாரணமாக ஒரு நிமிடம்கூடக் கால் ஆட்டாமல் இருக்கத் தெரியாதவள். எனக்கு அவளைத் தொட மனசு வரவில்லை.

அப்போது கதவு திறந்தது. மேலாளர். காதில் போன், அந்தப் பக்கம் தலைமையகம் என்று அவர் குரலின் பணிவிலேயே தெரிந்தது. வெளிச்சத்திலிருந்து வந்தவர் இருட்டுக்குள் எட்டிப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் மேலே அந்த ஒரே குமிழ், அதுவும் சும்மா இருந்தது.

"இல்ல சார், உள்ள யாருமில்ல. லைட்டே எரியல. ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க போலிருக்கு."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். கூப்பிட்டிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் இவளும் கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்று இருந்துவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். நாத்தனார் ஒரு பக்கக் காதை மட்டும் விடுவித்துக்கொண்டு, மூடிய கதவைப் பார்த்தாள். அப்புறம் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள், அவளே வைத்த குமிழ், அவளே சொன்ன இடத்தில். அவள் குரல் சின்னப்பெண் குரல் மாதிரி வந்தது.

"அண்ணி, நான் இங்கதானே இருக்கேன்?"

"எனக்கென்ன தெரியும்? கைய ஆட்டி மேல கேளு."

அவள் கையைத் தூக்கினாள். நடைபாதையில் மேலாளரின் செருப்புச் சத்தம் தேய்ந்து போய்க்கொண்டிருந்தது, ஓடிப்போய்ப் பிடித்தால் பிடித்துவிடலாம். அந்த நேரம் பார்த்து ஹெட்போனில் பெரியவர் மறுபடி பேச ஆரம்பித்தார். வேறொன்றுமில்லை, நேரமாகிவிட்டதா, வீட்டுக்குப் போக வேண்டுமா என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். நாத்தனார் விடுவித்த காதை மறுபடி மூடிக்கொண்டாள். பாதிக் காற்றில் நின்ற அவள் கை அசையாமல் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு, ஆட்ட வேண்டியதை மறந்துவிட்டு, மெல்ல இறங்கிவந்து அவள் கன்னத்தில் தங்கியது.